எட்டு மணி நேரம் தூங்கியதாக எழுதிய டிரைவர்

பள்ளிப் பேருந்து டிரைவருக்கு மகள் என்றால் உயிர். பதினைந்து வயது வாலு. ராத்திரி ஒரு மணி வரை போன். காலையில் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு வாய் காப்பி. அப்பா ஓட்டும் பேருந்திலேயே ஏறிப் பள்ளிவரை கொட்டாவி. வாலிபால் பயிற்சிக்கு எப்போதோ முழுக்குப் போட்டுவிட்டாள்.

அவள் அறைக் கதவடியில் வெளிச்சம் தெரிகிறவரை அவருக்கும் கண் மூடாது. திட்டவும் மனம் வராது. மனைவியோ படுத்ததும் குறட்டை விடும் வரம் வாங்கி வந்தவள்.

டிப்போவில் ஒரு தாள் உண்டு. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டிச் சாவி. மனுஷன் கூசாமல் தினமும் எட்டு மணி நேரம் என்று எழுதினார். இருபது வருஷம் ஓட்டிய மிதப்பு, வேறென்ன!

ஒரு செவ்வாய்க்கிழமை, தூக்கக் கலக்கத்தில் சொந்த மகள் நின்ற நிறுத்தத்தையே தாண்டிப் போய்விட்டார். அவள் கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் பிரேக்கை மிதித்து அவளை ஏற்றிக்கொண்டார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே டிப்போ மேலாளரம்மா முன் போய் நின்றார்.

"நான் எழுதினதெல்லாம் பொய் மேடம்."

"நீங்களா வந்து சொன்னதால வேலை தப்பிச்சுது. ஒரு வாரம் வண்டி கழுவுங்க. ஏழு நாள் ஒழுங்கா தூங்கினாதான் சாவி. இல்லன்னா வேற டிரைவர்."

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினார்.

"உங்கள யாருப்பா முழிச்சிருக்கச் சொன்னது?" மகள் சீறினாள்.

"யாரும் சொல்லல. நீ தூங்காம எனக்குத் தூக்கம் வரல, அவ்வளவுதான்."

அன்று ராத்திரி அவள் ஒன்பதரைக்குப் போனைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். "ஏழே நாள். அதுவும் அப்பாவுக்காக."

நாலாம் நாள் காலையில், "இன்னும் ஏதாவது இருக்காம்மா?" என்று தட்டை நீட்டினாள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறாம் நாள், விளையாட்டு ஷூவைத் தேடி வீட்டையே தலைகீழாக்கினாள்.

ஏழாம் நாள் இரவு அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை. விடிந்தால் சாவி! சந்தோஷத்தில் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அறைக்கதவு திறந்தது.

"அப்பா, வண்டி வேணுமா வேணாமா? போய்ப் படுங்க. நீங்க நடக்குற சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல."

சின்னப்பிள்ளை மாதிரி போய்ப் படுத்தார். அப்படியொரு தூக்கம் தூங்கினார், காலையில் மகள் வந்து உலுக்கித்தான் எழுப்பினாள்.