ஞாயிற்றுக்கிழமை அடித்த மணி

எட்டாம் வகுப்போடு விளாத்திகுளத்தை விட்டுக் கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், உப்பளத்தில் கூலி, கோவையில் ஒரு பேக்கரி, மறுபடியும் உப்பளம். எந்த ஊரிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில் மீன்பிடிப் படகில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. நீந்தத் தெரியும் என்று பொய் சொல்லித்தான் சேர்ந்தேன்.

அதே படகில் என்னோடு வேலை பார்த்தவர் காயல்பட்டினத்துக்காரர். பல வருடம் வளைகுடாவில் இருந்து, வேலை போய்த் திரும்பியவர். அவர்கள் ஊரில் அண்ணனை அழைக்கிற மாதிரி காக்கா என்று கூப்பிடுவேன். அது முழுக்கக் கத்தோலிக்க ஊர். அந்தக் கரையில் அப்போது நாங்கள் இருவர் மட்டும்தான் வேற்று மதம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு படகும் கடலில் இறங்காது. இறக்கினால் ஊர்க் கமிட்டி அந்தப் படகை ஒரு வாரம் மணலில் ஏற்றி வைத்துவிடும். இன்னொன்று, மணி. கடலுக்குப் போன ஊர்க்காரன் திரும்பவில்லை என்றால் மாதா கோயில் மணியை நிறுத்தாமல் அடிப்பார்கள். சோற்றில் கை வைத்தவன்கூட எழுந்துவிடுவான். அத்தனை படகும் தேடப் போகும். நான் வந்த புதிதில், கூலிக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் கடலில் தவறி விழுந்தார். அவருடைய முதலாளி மட்டும் இரண்டு நாள் தேடினார். மணி அடிக்கவில்லை. வேண்டாமென்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை; அடிக்கவேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தோன்றவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்ததால் நண்டு வலையைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் விடியும்போது காற்று அடங்கியிருந்தது. திங்கள்வரை விட்டால் வலை கடலடிப் பாறையில், பாரில், உரசிக் கிழிந்துவிடும். முதலாளி குடும்பத்தோடு பூசைக்குப் போயிருந்தார்.

“ஞாயிறு அவங்களுக்குத்தானே காக்கா? நமக்கென்ன?” என்றேன்.

“எனக்கு வெள்ளி. ஒனக்கு எந்தக் கிழமையும் கிடையாது. வா தம்பி, பூசை முடியறதுக்குள்ள வந்துரலாம்.”

வலையை எடுத்துவிட்டோம். திரும்பும் வழியில் மோட்டாரின் விசிறி எதிலோ இடித்துக் கழன்று கடலுக்குள் போய்விட்டது. கச்சான் மறுபடி எழுந்தது. அது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. நங்கூரம் போட்டோம், கயிறு தரை வரைக்கும் எட்டவில்லை. கரையில் தெரிந்த அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் பென்சில் அளவுக்குச் சிறுத்து, பிறகு காணாமல் போயின. போனில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை.

“அடிப்பாங்களா காக்கா?”

“எத?”

“மணிய.”

“ஞாயிறு நமக்கில்லேன்னு நீதானே சொன்னே? மணி மட்டும் நமக்கா?”

சிரித்தோம். அதன் பிறகு சிரிக்கவில்லை. இருந்தது ஒரு பாட்டில் குடிதண்ணீர். அவர் தொழுதார். நான் படகுக்குள் ஏறிய தண்ணீரை இறைத்தேன்.

கரையில் நடந்ததை முதலாளி பின்னால் சொல்லித் தெரிந்துகொண்டேன். பூசை வைத்த கையோடு சாமியார் வேறொரு ஊருக்குப் போய்விட்டார். படகையும் எங்களையும் காணோம் என்று முதலாளி ஓடியது ஊர்த்தலைவரிடம். தலைவர் ஐம்பது தாண்டிய மீனவர், முரட்டுக் குரல். அதுவரை அவர் என்னிடம் பேசியதே ஒரு வாக்கியம்தான்: “ஏலே, கயித்த மிதிக்காத.”

கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. “கோஸ்ட் கார்டுக்குச் சொல்லியாச்சுல்லா? ஞாயித்துக்கெழம எறங்குனவனுக்கு மணியா? அவனுவ நம்ம ஆளா மொதல்ல?” என்று கேட்டார் ஒருவர்.

“கடல்ல கெடக்கிறவன்ட்ட போயி ஞானஸ்நானச் சீட்டு கேக்கச் சொல்லுதியால?” என்றாராம் தலைவர். “செஞ்சது தப்புதான். நாளைக்குக் கூட்டம் போட்டுத் திட்டுவோம். திட்டுறதுக்கு ஆளு வேணும்லா?”

பேசிக்கொண்டே போய் மணிக் கயிற்றை அவரே பிடித்து இழுத்தார்.

பொழுது மேற்கே சாய ஆரம்பித்தபோது காக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். முன்பக்கம் குருசு வரைந்த ஒரு படகு. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு வலமும் இடமுமாகக் கடலை அரித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரே வரிசை. இருபத்தேழு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். எல்லோரும் பூசைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு நின்றார்கள். கடலில் அத்தனை வெள்ளைச் சட்டையை நான் பார்த்ததேயில்லை. காக்கா சத்தம் போட்டு அழுதார். நான் துண்டைச் சுழற்றிக் கத்தினேன்.

முதலில் வந்தது தலைவர் படகு. தண்ணீர்ப் பாட்டிலை என் நெஞ்சில் படும்படி எறிந்தார்.

“ஏலே, சாவணும்னா வேற கெழமயே கெடைக்கலியா ஒனக்கு? பாரு, புது வேட்டியெல்லாம் டீசலு!” பிறகு குரல் இறங்கியது. “நீச்சல் தெரியுமால?”

“தெரியாது அண்ணாச்சி.”

அவர் படகில் வந்திருந்த எங்கள் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு கரையை நெருங்கும்போது மணி காதில் விழுந்தது. மத்தியானத்திலிருந்து பெண்கள் முறை போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலை தெரிந்ததும் மணி திருவிழா மணியாக மாறியது. எனக்காக ஒரு ஊர் மணி அடித்தது அதுதான் முதல் தடவை.

சொன்னபடியே திங்கட்கிழமை கூட்டம் போட்டுத் திட்டினார்கள். எங்கள் படகை ஒரு வாரம் ஏற்றி வைக்க முடிவானது. அப்போது தலைவர் எழுந்தார்.

“நேத்து ஞாயித்துக்கெழம எறங்குனதுல எம்படகும் உண்டுல்லா? அதையும் ஏத்துங்க.”

“அப்பம் எம்படகுமா?” என்று முதல் நாள் எதிர்த்துப் பேசியவரே கேட்டார். அவரும் தேட வந்திருந்தார். கூட்டமே சிரித்தது.

“ஊரு முழுக்க ஏத்துனா கஞ்சிக்கு எங்க போவ? தலைவன் படகு ஒண்ணு போதும்,” என்றார் தலைவர். பிறகு எங்களைப் பார்த்தார். “இந்தக் கரையில இருந்து எறங்குற எவனுக்கும் இனி மணி உண்டு. அதே மாதிரி ஞாயிறும் உண்டு. ரெண்டும் சேத்துத்தான். சம்மதமா?”

காக்காவும் நானும் சம்மதம் என்றோம். ஒரு வாரம் இரண்டு படகும் மணலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அந்த வாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து நான் நீந்தக் கற்றுக்கொண்டேன். கரையில் ஒரு கூட்டம் உட்கார்ந்து கேலி செய்தது.

ஆறு வருடமாகிறது. இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறேன். அதற்குப் பிறகு மணி இரண்டு முறை அடித்தது. இரண்டாவது முறை, ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்து ஒரு மாதமே ஆன ஒருவருக்காக. உயிரோடு கொண்டுவந்தோம். யார் அது என்று கேட்டவர்கள் எல்லோரும் படகைத் தள்ளிக்கொண்டேதான் கேட்டார்கள்.