பூவம்மாள் திருத்தாத சொல்

பாதி வழியில் பூவம்மாள் நின்றுவிடுவாள். டேனரி முற்றத்து வேப்பமரத்தடியிலிருந்து ஆட்கள் காட்டமாக ஏதோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். பின்கட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மாள் ஹலீமா பீ அது என்னவென்று கேட்கக் காத்திருப்பாள். நடுவில் கிணற்றடி. அவசரம் என்பதையே அறியாதவள் போல அங்கே ஒரு வாளி இறைத்து, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு, விழுந்து கிடக்கும் வேப்பம்பழத்தை ஒன்றிரண்டு காலால் ஒதுக்கிவிட்டுத்தான் மேலே நடப்பாள். கேட்டால், “சூடா வாங்கின வார்த்தைய சூடாவே குடுக்கக் கூடாது, வாய் வெந்துடும்” என்பாள்.

ஆம்பூரில் பாலாற்றங்கரை ஓரமாக இருக்கும் தோல் பதனிடும் சின்ன டேனரி அது. புருஷன் காலமான பிறகு ஹலீமா பீதான் அதை நடத்துகிறாள். கோஷா வீட்டுப் பெண். திரையை விட்டு வெளியே வரமாட்டாள். உருதுதான் பேச்சு. தமிழில் கம்மி, ஜாஸ்தி, கத்தரிக்காய் மட்டும் தெரியும். ஆட்களோ சேரித் தமிழர்கள், பாதிப் பேர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள், பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுடைய உருது, வேலைக்கு வேண்டிய உருது: ‘டால்’ என்றால் குழியில் போடு, ‘நிகால்’ என்றால் வெளியே எடு. அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

பூவம்மாளுக்கு இரண்டும் தெரியும். அவள் தாய் ஒரு சாயபு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அந்த வீட்டுக் குழந்தைகளோடு தரையில் புரண்டதில் ஒட்டிக்கொண்ட பாஷை. டேனரியில் அவளுக்கு வேலை என்னவோ ஆவாரம்பட்டை இடிப்பதுதான். உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்த மாதிரி சிவந்து கிடக்கும். பேச்சுத் தூக்கிப் போவதற்குத் தனிக் கூலி கிடையாது. ஹலீமா பீ திரைக்கு அடியில் நீட்டும் வெற்றிலைப் பாக்கு உண்டு. அதைப் பெருமையாக எல்லார் முன்னாலும் நின்று மெல்லுவாள்.

தூக்கிப் போகிறாள் என்றா சொன்னேன்? தப்பு. போகிற வழியில் அதை வேறாக்கிவிடுகிறாள். “இந்தப் பொம்பளைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, கூலி நேரத்துக்குக் குடுக்கச் சொல்லு” என்று ஒருவன் சொன்னால், திரைக்கு முன்னால் அது, “பீபிம்மா, புள்ளைங்களுக்குச் சோறில்லாம கொஞ்சம் கஷ்டமாம்” என்று ஆகும். “சோம்பேறிகள், நாளைக்கே துரத்துகிறேன்” என்று உள்ளிருந்து வந்தால், மரத்தடியில், “ஒடம்பு சொகமில்லையா எல்லாருக்கும்னு கேக்கறாங்க” என்று இறங்கும். பொய்யா என்றால் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் தங்கமானவர்கள் என்று நம்பிக் காலம் தள்ளினார்கள். “வாய்தான் பேசுது, மனசா பேசுது” என்பது அவளுடைய சித்தாந்தம்.

சொல்லைத் திருத்தத் தெரியாதவளும் அல்ல. ஒருமுறை தெலுங்கு நாட்டிலிருந்து பட்டை ஏற்றி வந்த வண்டிக்காரன், “சாலா தூரம்” என்று அலுத்துக்கொண்டான். நிறைய தூரம் என்பது அவன் பாஷை. டேனரியில் கணக்கெழுதும் முன்ஷி அப்துல் கஃபார் காதில் ‘சாலா’ மட்டும்தான் விழுந்தது. உருதுவில் அந்தச் சொல் பெண்டாட்டியின் தம்பியை இழுத்து வைக்கும் வசவு. முன்ஷி செருப்பைக் கழற்றிவிட்டார். பூவம்மாள் உலக்கையோடு ஓடி வந்து நடுவில் நின்றாள். “திட்டலீங்க சாயபு, அவன் பாசைல ஜாஸ்தின்னு அர்த்தம். செருப்பப் போடுங்க, கால் சுடப்போவுது.” கடைசியில் முன்ஷியே அவனுக்கு பீடி பற்றவைத்துக் கொடுத்தார்.

அப்படிப்பட்டவள்தான் ‘கல்’ என்ற ஒரே ஒரு சொல்லைத் திருத்தாமல் விட்டாள்.

சுண்ணாம்புக் குழிகளுக்கு மேலே குறுக்காகப் பலகை போட்டிருக்கும். அதன்மேல் நின்றுதான் இடுக்கியால் தோலைப் புரட்டவேண்டும். ஓரத்துக் குழிப் பலகை சுண்ணாம்பு தின்று உளுத்துப் போயிருந்தது. அந்தக் குழி இருதயராஜுடையது. முன்கோபி, ஆனால் பூவம்மாளிடம் மட்டும் பசு. சொந்தத் தம்பி இல்லாத அவளுக்கு அவன்தான் தம்பி. அவள் வீட்டுக் கூரை மேய்வதும் அவன்தான். அன்று அவன் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு, ஆட்களைத் திரட்டிக்கொண்டு திரை வரைக்கும் வந்துவிட்டான்.

“சொல்லுக்கா. அவங்க வூட்டுப் புள்ளைய ஒரு வாட்டி அந்தப் பலகை மேல நடக்கச் சொல்லு. அப்பறம் நாங்க நடக்கறோம்.”

கிணற்றடிக்குப் போய்வர இடமில்லை. பூவம்மாள் அங்கேயே நின்று உருதுவில் தண்ணீர் கலந்தாள். “பீபிம்மா, பலகை கொஞ்சம் பழசாயிட்டதாம்.”

உள்ளே ஏதோ பாத்திரம் நகரும் சத்தம். ஹலீமா பீ சாதாரணமாகச் சொன்னாள்: “கல் டால்தேங்கே.”

நாளைக்குப் போட்டுவிடலாம், அவ்வளவுதான். ஆனால் ‘டால்’ என்றால் போடு என்பது குழியில் நிற்கிறவனுக்குத் தெரியாதா? ‘கல்’ என்றால் கல் என்பது எந்தத் தமிழனுக்குத் தெரியாது? இருதயராஜ் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. “கல்லு போடறாங்களாம்டா” என்று திரும்பினான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பலகை கேட்டவர்களுக்குக் கருங்கல் கிடைத்தால் மலராதா? “பீபிம்மா மகராசி” என்று ஒருவன் கும்பிடு போட்டான்.

பூவம்மாள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவள் கணக்கு இது: நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கே வந்து நிற்பார்கள், பலகை வராவிட்டால் மறுபடி சண்டை. கல் என்றால் மலையில் உடைத்து, வண்டி ஏறி, வந்து சேர நாளாகும். அதுவரை எல்லாரும் சாந்தமாக இருப்பார்கள். அதற்குள் பீபிம்மா காதில் மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம்.

மெதுவாகப் போடுவதற்கு நல்ல நேரம் வாய்க்கவே இல்லை. ரம்ஜான் வந்தது, ஹலீமா பீ நோன்பில் களைத்திருந்தாள். பெருநாள் வந்தது, வீடு நிறைய விருந்தாளிகள். அப்புறம் யாரும் கேட்காததால் பலகை விஷயம் தீர்ந்துவிட்டது என்றே ஹலீமா பீ நினைத்துவிட்டாள். இந்தப் பக்கம் இருதயராஜ், “இன்னாக்கா, கல்லு கெளம்பிச்சா?” என்பான். “கல்லுன்னா சும்மாவா? அமிர்தி மலைலேர்ந்து வரணும். பொறு தம்பி” என்பாள் இவள். அவனும் சிரித்துக்கொண்டே அந்தப் பலகைமேல் ஏறிப் போவான். கோபம் இருந்திருந்தால் ஏறியிருக்கமாட்டான். அந்தக் கோபத்தை அவள்தான் அணைத்திருந்தாள்.

மழைக்கு மறுநாள் பலகை ஒடிந்து இருதயராஜ் சுண்ணாம்புக் குழிக்குள் விழுந்தான். அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டி வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. உயிர் தங்கியது. கண் இரண்டும் வெந்து போயிருந்தன.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளமுடியாது என்பது அவள் ஓயாமல் சொல்லும் பழமொழி. கொட்டாமல் வைத்துக்கொண்ட சொல்லையும் அள்ளமுடியாது என்று ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டாள். உருதுவில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், கல். அந்த நாளை எப்போதோ நேற்றாகிப் போயிருந்தது. டேனரிக்குத் திரும்பிய பிறகும், இடித்த பட்டைத் தூள் கண்ணில் பட்டதென்று சொல்லிக்கொண்டு அவள் அழுத அழுகை கொஞ்சமல்ல.

அதற்குள் ஊர் இரண்டாகிவிட்டது. “கல்லு போடறேன்னு வாக்கு குடுத்து ஏமாத்திட்டா பீபி” என்று சேரி கொதித்தது. இருதயராஜ் ஒரு வார்த்தை சொன்னால் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை என்று முடிவு. கொடுக்காத வாக்குக்கு பீபிமேல் பழியா என்று சாயபு தெருவில் ஆத்திரம். இருதயராஜை அழைத்து வா, நான் பேசுகிறேன் என்று ஹலீமா பீ பூவம்மாளிடம் சொன்னாள்.

போன வாரம், அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வந்தான். முற்றத்தில் ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். கிணற்றடியைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை.

“கேளுக்கா. கல்லு போடறேன்னு சொன்னாங்களே, அந்தக் கல்லு எங்கன்னு கேளு.”

அவள் கேட்டாள். தண்ணீர் கலக்காமல் கேட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து ஹலீமா பீயின் பதில் உருதுவில் வந்தது. “எந்தக் கல்? நான் ஏன் கல் போடுகிறேன் என்று சொல்லப்போகிறேன்? பலகை பழசு என்று மட்டும்தானே நீ சொன்னாய்?”

“இன்னா சொல்றாங்க?” என்றான் இருதயராஜ்.

அல்லா பேரில் மன்னிப்புக் கேக்கறாங்க என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பேச்சு முடியும், ஊர் அடங்கும், தம்பி அவளுக்குத் தம்பியாகவே இருப்பான். அப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். ஆயுசெல்லாம் அதைத்தானே செய்து வந்தாள்.

“அவங்க கல்லுன்னு சொல்லவே இல்ல தம்பி. அவங்க பாசைல கல்னா நாளைக்குன்னு அர்த்தம். நாளைக்குப் பலகை போட்டுடலாம்னுதான் சொன்னாங்க. நீ தப்பா புரிஞ்சிக்கிட்ட. அது அன்னிக்கே எனக்குத் தெரியும். சண்ட வேணாம்னு வுட்டுட்டேன். நீ கோவமா சொன்னதையும் நான் அவங்களுக்குச் சொல்லல.”

பிறகு திரையின் பக்கம் திரும்பி அதையே உருதுவில் சொன்னாள், ஒன்று விடாமல். உள்ளே ஹலீமா பீ அழத் தொடங்கினாள்.

இருதயராஜ் அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, காற்றில் துழாவி, சுவர் இருக்கும் பக்கத்தைத் தேடினான்.