நின்ற பிறகு வந்த ரத்தம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இரண்டு அடுப்புகள் உண்டு. முன்பக்கத் தகரக் கொட்டகையில் ஆண்கள் அன்னதானத்துக்குச் சமைப்பது ஒன்று. கருவறைக்குப் பின்னால், திரை கட்டிய சின்ன அறையில் அம்மனுக்குப் படையல் ஆகும் அடுப்பு மற்றொன்று. இரண்டாவது அடுப்பைப் பெண்கள் மட்டுமே தொடுவார்கள். அதிலும் மாதவிடாய் நின்றுபோன பெண்கள் மட்டும். சித்திரைத் திருவிழா முடியும் வரை காப்புக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். இடையில் ஒருத்திக்குத் தீட்டு வந்தாலும் படையல் நின்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

எங்கள் ஆட்கள் கூலி வேலை செய்து வாழ்ந்த தோட்டம் அது; இப்போது அவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். பாயா ரும்புட், குருபோங் போன்ற பக்கத்து ஊர்களில் வீடு வாங்கிப் போனவர்கள் திருவிழாவுக்குக் காரில் வருகிறார்கள், விடுமுறை எடுக்க முடிந்தவர்கள் தங்குகிறார்கள். படையல் அடுப்புக்கு ஆள் கிடைப்பது சிரமம். ஆனாலும் விதி மாறவில்லை. யாராவது புதிதாக வந்தால், அடுப்பை நடத்தும் பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நின்னுருச்சா?" அவர் எங்களுக்கு உறவில்லை. எல்லாருக்கும் பெரியம்மா, அம்மாவுக்கு மட்டும் அக்கா.

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லி என் அம்மா உள்ளே போனபோது அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. அதற்கு முன் பல ஆண்டுகள் பால்குடம் மட்டும் எடுத்தாள். ஒவ்வொரு சித்திரையிலும் நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டுக்கொண்டுதான் எடுத்தாள். எங்கள் பெண்கள் அநேகமாக எல்லாரும் அப்படித்தான். மஞ்சள் புடவை வாங்கும்போதே அந்த மாத்திரையையும் வாங்கி வைப்பார்கள். அதை மருந்து என்று யாரும் நினைப்பதில்லை; திருவிழாச் சாமான்களில் ஒன்று.

அம்மா பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள்; அதை மலாயில் கிலாங் என்றுதான் சொல்வாள். மின்னணுப் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. தூசு விழக்கூடாது என்பதற்காகக் கண் மட்டும் தெரியும்படி தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடை. மாதவிடாய் நிற்கத் தொடங்கிய காலத்தில், அந்த உடைக்குள்தான் அவளுக்கு வெப்பம் நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும். இடைவேளை வரை கழற்ற முடியாது. லாக்கரில் மாற்றுச் சட்டை ஒன்று வைத்துக்கொண்டாள். வீட்டில் நான் கவனித்தவை இவை: காற்றாடி எப்போதும் முழு வேகத்தில் ஓடியது. தலையணை உறை அடிக்கடி மாறியது. சர்க்கரை மாத்திரையின் அளவு கூடியது. இடுப்பு பருத்தது. அப்பாவோடு சண்டை அதிகமானது. ஆனால் அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

பிறகு மாதவிடாய் முழுவதுமாக நின்றது. ஓராண்டு கழிந்ததும் அம்மா பெரியம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னாள். அந்தச் சித்திரையில் அவள் அடுப்படியில் இருந்தாள். திரும்பி வந்த பிறகு, சோறு குழையாமல் இருக்க எவ்வளவு தண்ணீர் வைத்தாள் என்பதை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். அவள் எதைப் பற்றியும் அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருந்தன. சனிக்கிழமை பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பும் வழியில், மருந்துக்கடை ஒன்றின் முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள்.

"போய் அந்தத் தள்ளிப்போடுற மாத்திரை வாங்கிட்டு வா. உனக்குன்னு சொல்லு."

"எனக்கு எதுக்கு?"

"உனக்கு இல்லடி, எனக்குத்தான். என் வயச கேப்பா கடைக்காரி. அப்புறம் கொடுக்க மாட்டா."

"உனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சேம்மா."

"திரும்ப வந்துருச்சு லா. தை மாசத்துல இருந்து, அப்பப்ப." அதை அவள் சொன்ன விதத்தில் பயம் இல்லை. கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் திருப்தியும் இருந்தன. "கிலாங்குல சொன்னேன். ஒடம்புல இன்னும் சத்து இருக்குன்னு சொல்லிச் சிரிக்கிறாளுங்க. புருஷன ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுன்னு ஒருத்தி சொல்றா, வாய் கிழிஞ்சவ."

நான் உள்ளே போனேன். மாத்திரை அம்மாவுக்கு என்றும், நின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்றும் உள்ளபடியே சொன்னேன். மருந்தாளர் எடுத்த பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். முதலில் அம்மாவை மருத்துவரிடம் காட்டு, நின்று ஓராண்டு தாண்டியபின் வரும் ரத்தம் மாதவிடாய் இல்லை, அது ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். நான் வெறுங்கையோடு காருக்குத் திரும்பினேன். வீடு வந்து சேரும்போது அம்மா, "கிலாங்குல ஒருத்தி எப்பவும் வச்சிருப்பா. அவகிட்ட வாங்கிக்கிறேன்" என்றாள்.

என் வேலையும் குறை கண்டுபிடிக்கும் வேலைதான். குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்பது, எப்போது தொடங்கியது, அதற்குமுன் என்ன மாறியது என்பதுதான். அப்படித்தான் இதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். கர்ப்பப்பையின் உள்சுவரை ஒரு ஹார்மோன் வளர்க்கிறது, இன்னொன்று அந்த வளர்ச்சியை அடக்குகிறது. மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஓய்ந்துவிட்டாலும், உடம்பின் கொழுப்பிலிருந்து முதல் ஹார்மோன் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கும். அடக்க வேண்டியது இல்லாமல் போனால் சுவர் தடிக்கலாம், அதிலிருந்து ரத்தம் கசியலாம். பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. சிலருக்கு அதுதான். பார்க்காமல் சொல்ல முடியாது. நாள் தள்ளிப்போடும் மாத்திரை அடக்கும் ஹார்மோனைப் போன்றது. அதைப் போட்டால் ரத்தம் நின்றுபோகக்கூடும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகும்.

இதையெல்லாம் அடுத்த வாரம் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். கிலாங்கில் வாங்கி வந்த மாத்திரை அட்டை உப்பு டப்பாவின் பக்கத்தில் இருந்தது. இன்னும் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஏம்மா, ரிஜெக்ட் பீஸ் கையில கிடைச்சா நீ என்ன பண்ணுவ?"

"சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி டெக்னிஷியனக் கூப்பிடுவேன்."

"தொடச்சு வைப்பியா?"

"தொடச்சா அவன் என்னத்தப் பாப்பான்? புதுசா வந்ததுங்கதான் அப்படிச் செய்யும், அதுங்களுக்கு நான் கொடுக்குற ஏச்சு..." அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஓகோ. பெத்தவளப் பாத்து ரிஜெக்ட் பீஸுங்குற. நல்லாப் படிக்க வச்சேன்."

அதற்கடுத்த திங்கட்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு கிளினிக்குக்கு வந்தாள்.

ஸ்கேனில் உள்சுவர் தடித்திருந்தது. ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே கிடைத்த நாள் திருவிழாவின் நடுவில் விழுந்தது. காப்புக் கட்டியவர்கள் ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போகக்கூடாது. அந்த நாளை விட்டால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், எவ்வளவு தள்ளும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அம்மா நாள் குறித்துக் கொடுத்த ஆஸ்பத்திரி அட்டையை இரண்டு முறை படித்தாள். எனக்கு அவளுடைய கணக்கு தெரிந்தது. மாத்திரை போட்டால் அடுப்படிக்குப் போகலாம், யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போடாவிட்டால் இந்த ஆண்டு இடம் போகும். ஒரு முறை விட்ட இடம் மறு ஆண்டு இருக்குமா என்பது பெரியம்மா கையில்.

நான் முடிவை அவளிடமே விட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

காப்புக் கட்டும் நாளன்று அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே போனதும் திரைக்கு உள்ளே போகாமல், என்னோடு வெளியிலேயே நின்றாள். உள்ளே பெண்கள் நான்கு பேர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா மஞ்சள் கயிற்றோடு எழுந்து வந்தார்.

"வா, கைய நீட்டு."

"எனக்கு இந்த வருசம் வேணாங்கா."

"ஏன், புருசன் விடமாட்டேங்குறானா?"

"அவரு எதுல என்னைத் தடுத்தாரு. எனக்குத் திரும்ப ரத்தம் வருதுக்கா."

உள்ளிருந்து ஒரு குரல்: "அடியாத்தி! பேரப்பிள்ள எடுக்குற வயசுல பிள்ள பெத்துக் காட்டப் போறியா?" எல்லாரும் சிரித்தார்கள்.

"பிள்ளையுமில்ல ஒண்ணுமில்ல. உள்ள சதை தடிச்சிருக்காம். ஆஸ்பத்திரியில எடுத்துப் பாக்கணுமாம்."

சிரிப்பு நின்றது. துருவும் சத்தமும் நின்றது. பெரியம்மா கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "போன வருசம் இங்க இருந்தப்ப வந்துச்சா?"

"இல்லக்கா. ஆத்தா மேல சத்தியமா. இந்தத் தை மாசந்தான்."

"அப்ப படையலுக்குப் பழுதில்ல." அவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்தபின் குரல் தணிந்தது. "போ. அதப் போயிப் பாரு. இங்க நாங்க சமாளிச்சுக்குவோம்."

திரும்பும்போது செம்பனைச் சாலை முடியும் வரை அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு அவ படையல்தான் பெருசு" என்றாள். பிறகு, "எனக்கும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

துணுக்கு எடுத்த நாளில் தோட்டத்தில் பால்குடம். முடிவு வந்தபோது திருவிழா முடிந்திருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் அணுக்கள் மாறத் தொடங்கியிருந்தன, விட்டுவைத்தால் புற்றாகக்கூடும், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று மருத்துவர் விளக்கினார். நான் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன்: எந்த முறையில் எடுப்பது, சினைப்பைகளையும் எடுப்பதா, எத்தனை வாரம் ஓய்வு, சர்க்கரையை எந்த அளவுக்குள் வைக்க வேண்டும். அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எடுத்துட்டா அப்புறம் மாச ரத்தமே வராதா?" வராது என்றார் மருத்துவர். அவள் கையெழுத்துப் போட்டாள்.

எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதித்தபோதும் புற்று எதுவும் இல்லை. அம்மா மருத்துவ விடுப்பு முடிந்து பத்து பெரண்டாமுக்கு வேலைக்குத் திரும்பினாள். சினைப்பைகளும் போய்விட்டதால் வெப்பம் சில மாதங்கள் மறுபடி ஏறியது. மாற்றுச் சட்டை மறுபடி லாக்கருக்குப் போனது.

இந்த ஆண்டு சித்திரையில் அடுப்படியில் ஒரு வழக்கு நடந்தது. நான் திரைக்கு வெளியே இருந்து கேட்டேன். தானாக நின்றால்தான் கணக்கு, அறுத்து எடுத்தால் அது கணக்கில் வருமா என்று ஒருத்தி கேட்டாள். வெட்டுப்பட்ட உடம்பு படையல் தொடலாமா என்று இன்னொருத்தி.

"எடுத்து ஜாடியில போட்டு லேபுக்கே அனுப்பிட்டாங்க" என்றாள் அம்மா. "உங்க யாருக்காவது என்னைவிட கேரண்டியா நின்னுருக்கா? சொல்லுங்க பாப்போம்."

பெரியம்மா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. "கைய நீட்டு" என்றார். "ஆனா அண்டாவத் தூக்காத."

அன்று மதியம் குருபோங்கிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்தார். நின்னுருச்சா என்று பெரியம்மா கேட்டார். ரெண்டு வருசமாச்சு என்றார் அவர். அம்மாவின் குரல் இடையில் வந்தது: "அதுக்கப்புறம் ஒரு சொட்டாவது வந்துச்சாக்கா?"



"ஆளப் பயமுறுத்தாத. இருக்குறதே நாலு பேரு" என்றார் பெரியம்மா.

"வெளிய அனுப்புறதுக்குக் கேக்கலக்கா. நான் போன வருசம் நின்ன எடத்துல இன்னொருத்தி நிக்க வேண்டி வருமேன்னு கேக்குறேன்."

"போன மாசம் கொஞ்சம் வந்துச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மணிக்கட்டில் கயிறு இல்லை. அவர் பின்னாலேயே அம்மாவின் தலை எட்டிப் பார்த்தது. அவள் கையில் காப்பு இருந்தது. அவளால் வர முடியாது.

"அக்காவக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே. திருவிழா முடியட்டும்னு சொல்லுவாங்க, கேக்காத."

நான் கார்ச் சாவியை எடுத்தேன். அந்த அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். செம்பனை முடிந்து தார்ச்சாலை ஏறும்போதுதான் பேசினார்.

"அந்தத் துணுக்கு எடுக்குறது வலிக்குமாம்மா?"

அம்மா வலித்தது என்றுதான் சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம்தான் என்றும் சொல்லியிருந்தாள். இரண்டையும் அவரிடம் சொன்னேன்.