பூனை சொன்ன ஃபவுல்

ஸ்னூக்கர் மேசையைச் சுற்றி அவன் நடந்தால் மரத்தரையில்கூடச் சத்தம் கேட்காது. குனிந்து குறி பார்க்கும்போது கண் இமைக்காது. பூனை என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த கிளப்பிலிருந்து அண்ணனை இழுத்துவரச் சொல்லித்தான் அம்மா முதன்முதலில் அவனை அனுப்பினாள். அண்ணன் வீடு திரும்பினான்; இவன் அங்கேயே தங்கிவிட்டான். "ஒண்ணை மீட்கப் போய் இன்னொண்ணைப் பறிகொடுத்தேன்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது குரலில் கோபம் பாதி, பெருமை பாதி.

பெருமைப்படவும் காரணம் இருந்தது. மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி மூலைக் குழிக்கு நீளமாக அடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. "இவன் அடிச்சா பந்து உருண்டு போகலைய்யா, தன் வீட்டுக்குப் போகுது" என்பார் கிளப் முதலாளி. தேசியப் பட்டம் வாங்கினான். மறுவருடமும் வாங்கினான். அதன்பின் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சுற்றில் இடம் கிடைத்தது. நாடு நாடாகப் போய், கறுப்பு வெயிஸ்ட்கோட் மாட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் பார்க்கும் கூட்டத்தின் நடுவே ஆடுகிற பிழைப்பு. முன்வரிசைக்காரர்களுக்கு விளக்கும் கேமராவும் உண்டு. கடைசியில் கிடப்பவர்கள் ஒவ்வொரு பருவமும் தங்கள் இடத்துக்காக முட்டி மோத வேண்டும், தோற்றால் வெளியே.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணம் ஆனது. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, வந்தவர்களின் காதுக்கும் மூக்குக்கும் ஏற்ப வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. "நீங்களும் ஃபிரேம், நானும் ஃபிரேம். ரெண்டு பேரும் ஃபிரேமை நம்பித்தான் பொழைக்கிறோம்" என்று சிரிப்பாள். ஸ்னூக்கரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஃபிரேம் என்றுதான் பெயர். அவளுடைய அண்ணனுக்கு மட்டும் இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் அவர். "கோலி விளையாடுறவனுக்கா பொண்ணு கொடுக்கிறது?" என்று கல்யாணப் பந்தியிலேயே கேட்டார்.

ஆனால் மூன்றாவது பருவத்தில் பெரிய போட்டி ஒன்றில் பூனை அரையிறுதிக்கு வந்தபோது, பயிற்சிக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரிடம் கைபேசியைக் காட்டி "என் மச்சான்" என்று சொன்னவரும் அவர்தான்.

அந்த அரையிறுதியில்தான் அது ஆரம்பித்தது. இரண்டு பேரும் சமமாக நின்று, கடைசி ஃபிரேமுக்கு வந்துவிட்டார்கள். நடுக்குழிக்கு நேராக ஒரு சிவப்புப் பந்து. கண்ணைக் கட்டிவிட்டாலும் போடலாம். பூனை குனிந்தான். கியூக் கோலைப் பின்னால் இழுத்தான். இழுத்த கை முன்னால் வரவில்லை. முழங்கைக்குள் யாரோ ஒரு கதவைச் சாத்தினாற்போல இருந்தது. ஒரு கணம்தான். பிறகு கை தானாக ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாய்ந்தது. பந்து குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

டென்ஷன் என்றார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். வீட்டுக்கு வந்து, பழைய கிளப்பில் தனியாக ஆடிப் பார்த்தான். நூறு பந்து போனது. அடுத்த பந்துக்குக் குனிந்தபோது கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, சரிவுதான். நரம்பு டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கை என் கையைவிட நல்லா இருக்கு" என்றார். கியூவை மாற்றினான். பிடியை மாற்றினான். பயிற்சியாளரை மாற்றினான். ஒருவர் மூச்சை எண்ணச் சொன்னார், இன்னொருவர் எதையும் எண்ணாதே என்றார். மேசை சரியில்லை, துணி இழுக்கிறது, விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று அவனும் சொல்லிப் பார்த்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மனைவியின் அண்ணன், இவன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

சக ஆட்டக்காரர்கள் எதுவும் சொல்லவில்லை. அவன் கியூவை இழுத்துப் பிடித்தபடி சிலையாகக் கிடக்கும்போது எதிராளி சுவரைப் பார்ப்பான், ரெஃப்ரி தன் வெள்ளைக் கையுறையைப் பார்ப்பார். ஓய்வறையில் அவன் நுழைந்தால் பேச்சு நிற்கும். பூனைக்கு யார் மணி கட்டுவது?

கண்ணில்தான் கோளாறோ என்று மனைவிக்கு ஒரு நம்பிக்கை. குனிந்து பார்ப்பவர்களுக்கென்று மேல்பக்கம் உயர்ந்து நிற்கும் கண்ணாடி ஒன்றைத் தன் கையாலேயே தேய்த்துப் பொருத்திக் கொடுத்தாள். மேசையோரம் நின்று, "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாத் தெரியுது" என்றான். பொய்யில்லை. தான் தவறவிடப்போவது முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அவன் பெயர் பட்டியலில் கீழே கீழே போய், கடைசியில் விளிம்புக்கு வந்தது. பருவத்தின் இறுதித் தகுதிச்சுற்று. ஒரு விளையாட்டுக் கூடத்தைத் தட்டி வைத்துத் தடுத்து, வரிசையாக மேசைகள் போட்டிருந்தார்கள். கேமரா கிடையாது. தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பந்துகள் மோதும் சத்தம் இங்கே கேட்டது. ஜெயித்தால் சுற்றில் நீடிக்கலாம். எதிரில் நெட்டையன். வயதில் சின்னவன், கைகால் நீண்டவன். முதன்முறையாகச் சுற்றுக்குள் நுழையப் பார்க்கிறவன்.

இதுவும் கடைசி ஃபிரேம்வரை போனது. மேசையில் மிச்சம் இரண்டே பந்து: இளஞ்சிவப்பும் கறுப்பும். பூனை இரண்டு புள்ளி முன்னால் இருந்தான். இளஞ்சிவப்பைப் போட்டால் ஆட்டம் அவனுடையது. அது மூலைக் குழியின் வாயில் உட்கார்ந்திருந்தது. வெள்ளைப் பந்தை எட்ட, கறுப்புப் பந்தின் மேலாகக் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

குனிந்தான். கியூவை இழுத்தான். கதவு சாத்திக்கொண்டது.

காத்திருந்தான். திறக்கவில்லை. தோளில் வியர்வை இறங்கியது. இந்தமுறை கை வெட்டினால் பந்து எங்கே போகும், நெட்டையன் முகம் எப்படி மாறும், நாளைக்கு ஓய்வறையில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் வரிசையாக ஓடியது. வாயில் இருக்கிற பந்தைப் போடத் தெரியாதவன் என்று காலத்துக்கும் சொல்வார்கள். சட்டைக் கையின் நுனி கறுப்புப் பந்துக்கு மேலே ஒரு நூல் உயரத்தில் இருந்தது. படவில்லை. படவில்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பூனை நிமிர்ந்தான்.

"தொட்டுட்டேன்" என்றான்.

ரெஃப்ரி அருகில் வந்தார். "எதை?"

"கறுப்பை. சட்டைக் கை பட்டுருச்சு."

"நான் பாக்கலையே. நிச்சயமா?"

"நிச்சயமா."

உடை பட்டாலும் ஃபவுல்தான்; அதற்கான ஏழு புள்ளியும் அடுத்த வாய்ப்பும் நெட்டையனுக்குப் போயின. அவன் எழுந்து வந்து, கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இளஞ்சிவப்பைத் தட்டிப் போட்டான். ஆட்டம் முடிந்தது. ரெஃப்ரிதான் முதலில் கை தட்டினார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தவர்களும் விஷயம் கேள்விப்பட்டு வந்து தட்டினார்கள். இத்தனை வருட ஆட்டத்தில் யாரும் எழுந்து நின்று அவனுக்குக் கை தட்டியதில்லை.

செய்தி பரவியது. பிழைப்பே போகும் என்று தெரிந்தும் யாரும் காணாத தவறைத் தானே சொன்ன மனிதன்! சங்கத்தில் கேடயம் கொடுத்தார்கள். மனைவியின் அண்ணன் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்களைத் தப்பா எடைபோட்டுட்டேன் மாப்ள" என்று கண்கலங்கினார். புதிதாகத் திறந்த பெரிய கிளப்பின் முதலாளி கூப்பிட்டு மேனேஜர் வேலை கொடுத்தார். "உங்க மாதிரி ஆளை நம்பிச் சாவியைக் கொடுத்துட்டு நான் நிம்மதியா ஊருக்குப் போவேன்" என்றார்.

காலையில் கதவைத் திறப்பது, மேசைத் துணியை ஒரே திசையில் பிரஷ் போட்டு இஸ்திரி தேய்ப்பது, பந்துகளைத் துடைப்பது, சண்டை வந்தால் தீர்த்து வைப்பது. அவன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "பூனையண்ணனே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?"

மகள் படித்த பள்ளியில் நேர்மையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றான். மகள் அழுதாள். போனான். மேடையில் நின்று நாலு வார்த்தை சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எங்க அப்பாவுக்குத் தன்னைப் பத்திப் பேசவே பிடிக்காது" என்று மகள் தோழிகளிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. அந்தத் தடுமாற்றத்துக்கும் கை தட்டினார்கள். மற்றப் பள்ளிகளும் கூப்பிட்டன.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தான். சொன்னால் என்ன மிஞ்சும்? தோற்றுப்போன ஆட்டக்காரன் என்பது போய், தோற்பதற்குக்கூடத் தைரியம் இல்லாதவன் என்பது மிஞ்சும். மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் காலம் போனது.

நெட்டையனோ மேலே போனான். சுற்றில் நிலைத்தான், பட்டங்கள் வாங்கினான். ஒருநாள் முற்பகலில், கிளப்பில் ஆள் வருவதற்கு முன்னால், அவனே படியேறி வந்து நின்றான். தலையில் கொஞ்சம் நரை. பூனை நாற்காலி இழுத்துப் போட்டான். தண்ணீர் கொடுத்தான். நெட்டையன் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருஷமா நெஞ்சுல கிடக்குது."

"சொல்லு."

"அன்னைக்கு அந்தக் கறுப்பு அசையவே இல்லண்ணே. உங்க கை படல. நான் உக்காந்திருந்த இடத்துலருந்து இடைவெளி நல்லாத் தெரிஞ்சுது. நீங்க பட்டுருச்சுன்னு தப்பா நினைச்சுட்டீங்க. நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல." டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "உங்க இடத்தைத் திருடித்தான் நான் வாழறேன். ஒவ்வொரு பட்டம் வாங்குறப்பவும் உங்க ஞாபகந்தான் வருது."

பூனை அவனைப் பார்த்தான். சும்மா இருந்திருக்கலாம். பரவாயில்லைப்பா என்று பெருந்தன்மையாகத் தோளில் தட்டியிருக்கலாம். அதற்குத்தான் நாக்கு துடித்தது. ஆனால் எதிரில் ஒருவன் இவன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து கூன் விழுந்து நிற்பதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

"நீ எதையும் திருடல" என்றான். "படலன்னு எனக்கும் தெரியும்."

நெட்டையனுக்குப் புரியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க?"

"கை வரலப்பா. பந்தைப் போட முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் பாக்கத் தவறவிடறதைவிட அது லேசா இருந்துச்சு. அதான் சொன்னேன்."

நெட்டையன் கோபப்படுவான் என்று பூனை எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் முதலில் ஒரு விடுதலை தெரிந்தது. அடுத்த நொடியே அது பரிதாபமாக மாறியது. அடிபட்டுக் கிடக்கும் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ஐயோ அண்ணே" என்றான். டம்ளரை மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

அன்று மாலை மனைவி கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அவளிடமும் சொல்லிவிட்டான். ஒருமுறை திறந்த வாயை மூட முடியவில்லை. அவள் குழாயை மூடாமலே நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இதை அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவன் யார்கிட்டயாவது சொல்லுவானா?"

"மாட்டான்."

குழாயை மூடினாள். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள். "அப்ப பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. அன்றுமுதல் அவனிடம் எதையும் கேட்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினாள். மருந்து சாப்பிட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா என்பதற்கெல்லாம் அவன் பதில் சொன்ன பிறகு, அவளே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

நெட்டையன் அதன்பின் வரவில்லை. கிளப்பின் தொலைக்காட்சியில் மட்டும் வருவான். அவன் ஆடும்போதெல்லாம், இடைவேளையில் யாராவது ஒரு வர்ணனையாளர் அந்தப் பழைய கதையை எடுத்துவிடுவார்: இவர் இன்று இங்கே நிற்பதற்கு ஒரு நேர்மையான மனிதர் காரணம் என்று. கிளப்பில் இருப்பவர்கள் எல்லோரும் கியூவைக் கீழே ஊன்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் தட்ட ஆரம்பிப்பார், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். பூனை கையிலிருக்கும் பிரஷ்ஷைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுவான். சத்தம் அடங்கியதும், துணியில் எங்கே விட்டோம் என்று தேடி, மறுபடி தேய்க்க ஆரம்பிப்பான்.