ஜாலான் புசாரில் முளைத்த நான்கு பற்கள்

வெள்ளிக்கிழமை, காலை ஆறே முக்கால். சாங்கி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே பதினெட்டுக் கிலோ வார்ப்பிரும்புப் பல்சக்கரம் ஒன்று கிடந்தது. அதில் நான்கு பற்கள் உடைந்திருந்தன. சிங்கப்பூரிலிருந்து தங்கம் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருப்பார். பழைய இரும்பைக் கொண்டுவருகிறவனை அன்றுதான் பார்த்தார் போலும். சிரித்துக்கொண்டே மூடச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதில் நான்கு பேர் இருக்கிறார்கள். உடைந்ததை எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம், கொட்டகையை மூடிவிடலாம் என்பது மேலாளரின் எண்ணம். உடைந்த இடத்தில் மட்டும் உலோகத்தைக் கூட்டினால் சக்கரம் இன்னும் பல வருடம் ஓடும் என்று நான் மல்லுக்கட்டினேன். எங்கள் கொட்டகையில் ஒட்டிய பற்கள் இரண்டு முறை பிய்ந்து வந்ததும் உண்மைதான். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளில் இதைத் தினமும் செய்கிறார்கள் என்று வாயை விட்டேன். அப்படியானால் அங்கே போய்ச் செய்து திங்கட்கிழமைக்குள் கொண்டுவா, ஓடினால் கொட்டகை இருக்கட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். செலவு என்னுடையது. கிளம்பும்போது கொட்டகை மேஸ்திரி பழனிச்சாமி சக்கரத்தைத் துடைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "இது ஒண்ணு தேறிடுச்சுன்னா போதுங்க சார்" என்றார்.

சாங்கியிலிருந்து தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். வாடகைக் காருக்கு ஒன்பது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ஆயிற்று. ஓட்டுநர் நாகூர்ப் பூர்வீகக்காரர். பெட்டியில் என்ன இவ்வளவு கனம் என்று கேட்டார், சொன்னேன். "இங்க யாரு ரிப்பேர் பண்றா? புதுசு வாங்குறதுதான் சீப்பு லா" என்று அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு முடித்தார். கோயம்புத்தூரில் கேட்ட பேச்சையே கடல் தாண்டி வந்தும் கேட்க வேண்டியிருந்தது.

தேக்கா உணவுக் கடையில் அந்தோணி காத்திருந்தார். என் பள்ளித் தோழனின் தம்பி. கப்பல் பட்டறையில் பத்து வருடம் வெல்டிங் செய்துவிட்டு, ஜாலான் புசார் பக்கம் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டிருக்கிறார். வீடு புக்கிட் பாத்தோக்கில், பன்னிரண்டாம் மாடியில்; நான் தங்கியதும் அங்கேதான். பரோட்டாவை அங்கே பிராட்டா என்கிறார்கள். ஆளுக்கு இரண்டு தின்றோம். தின்று முடிப்பதற்குள் அவர் சக்கரத்தை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, செய்யலாம் என்றார்.

சனிக்கிழமை, காலை ஒன்பது. அந்தோணியின் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு சீனர் கடைசல் இயந்திரத்தில் இரும்புக் கட்டியைக் குடைந்து ஏதோ ஒரு பாகம் செய்துகொண்டிருந்தார். முடிந்தபோது கையில் இருந்ததைவிடத் தரையில் சுருள் சுருளாக விழுந்ததுதான் அதிகம். உலகத்துத் தொழிற்சாலையெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. வெட்டி எறிந்தது போக மிஞ்சுவதுதான் பொருள். அந்தோணியின் வேலை நேர்மாறானது. சக்கரம் முழுவதையும் கரி அடுப்பில் சூடேற்றினார். பல் இருந்த இடத்தில் நிக்கல் கம்பியை உருக்கி ஒரு வரி, அதன்மேல் ஒரு வரி என்று வைத்துக்கொண்டே போனார். ஒன்றுமில்லாத இடத்தில் பல் முளைப்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரு பொருள் முழுவதையுமே இப்படி வரிவரியாகக் கூட்டிச் செய்ய முடிந்தால் எவ்வளவு இரும்பும் கரியும் மிச்சமாகும் என்று கேட்டேன். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

மாலை ஆறு மணிக்கு நான்கு பற்களும் முடிந்தன. சூட்டோடு சக்கரத்தை ஒரு டிரம்மில் இறக்கிச் சுண்ணாம்புத் தூளால் மூடினார். எங்கள் கொட்டகையில் நாங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடி தொடாதீங்கண்ணே. வார்ப்பிரும்பு மெதுவா ஆறணும்" என்றார். அதன் பிறகு அரம் போட ஒரு மணி நேரம் போதும். என் விமானம் இரவு ஒன்பதுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை. அந்தோணி மனைவியோடு மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தார். பட்டறைச் சாவியை என்னிடம் தந்திருந்தார். சிராங்கூன் சாலைப் படக்கடையில் பத்து மணிக்குள் என் கேமராவின் பிலிம் சுருளைக் கொடுத்தால் மாலையே படம் கிடைக்கும் என்றார்கள். சிங்கப்பூரில் செய்ததுதான் என்று மேலாளர் நம்ப, பட்டறையோடு சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே லேசான வெதுவெதுப்புதான். உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். இருபது வருடம் இரும்போடு புழங்கியவன் செய்கிற காரியமா இது?

சக்கரத்தைக் குறட்டால் தூக்கி, வெளிச்சத்துக்காக வாசலோரம் வைத்தேன். விடியற்காலை மழையில் சிமெண்ட் தரை நனைந்திருந்தது. படம் எடுத்தேன். கேமராவை இறக்குவதற்குள், கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் காப்பியை ஊற்றினால் டம்ளர் விரிசல் விடுமே, அந்தச் சத்தம் கேட்டது. நடுத் துளையிலிருந்து விளிம்புவரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு அந்தோணி வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ஒட்டுன பல்லு அப்படியே இருக்குண்ணே. பழைய இரும்புதான் போச்சு. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது லா" என்றார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மறுபடி செய்ய இரண்டு நாள் வேண்டும். எனக்கு இருந்தது பத்து மணி நேரம்.

மாலை ஐந்துக்குப் படம் கிடைத்தது. முழுச் சக்கரம், நான்கு பற்கள், பின்னால் பட்டறை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. ஏழு மணிக்குச் சாங்கியில் சாக்குப் பொட்டலத்தைத் தனியாக எடை போட்டார்கள். பதினெட்டேகால் கிலோ. புதிதாக வார்ப்பதென்றால் முழுச் சக்கரத்துக்கும் இரும்பு உருக்க வேண்டும்; இதற்குத் தேவைப்பட்டது கால் கிலோதான். அந்தக் கால் கிலோவும் ஒரு பகல் நேரப் பொறுமையும் போதும். பொறுமை என்னிடம் இல்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை மேலாளர் மேசையில் படத்தையும் சக்கரத்தையும் வைத்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். தப்பு என்னுடையது, முறை சரிதான் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் ஏறியது வேறு. "சிங்கப்பூர்லயே உடைஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

பழனிச்சாமி அந்த நான்கு பற்களையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பல்லு நல்லாத்தானுங்க வெச்சிருக்காங்க" என்றார். மாதக் கடைசியில் கொட்டகையை மூடி, நால்வரையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

சிங்கப்பூரில் எறிய இடமில்லை, வேண்டாத இரும்பைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் ஆலையில் பின்கட்டு முழுக்க இடம் இருக்கிறது. சக்கரம் அங்கேதான் கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் அது முழுவதும் செந்துருப் பிடித்துவிட்டது. அந்தோணி வைத்த நான்கு நிக்கல் பற்கள் மட்டும் வெளுப்பாகவே இருந்தன. நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.