காரியாபட்டிக்குப் போன காலண்டர்

மாரித்தாய் எனக்குச் சொந்தமும் இல்லை, ஊர்க்காரியும் இல்லை. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், விருதுநகர் ரயிலடிப் பக்கத்துக் காலி மைதானத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழக்கம் அப்படி வந்ததுதான்.

வீடில்லாமல் வெளியே படுக்கிறவர்களுக்காக எங்கள் சபை வருஷா வருஷம் அங்கே ஒரு ஆராதனை வைக்கிறது. கோயிலுக்குள் கூப்பிட்டால் அவர்கள் வரமாட்டார்கள். செருப்பையும் மூட்டையையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தால், திரும்பும்போது இருக்குமோ இருக்காதோ என்று பயம். அதனால் மைக்கையும் ஆர்மோனியப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நாங்கள் அங்கே போகிறோம். பாட்டு, ஜெபம், போதகரின் பிரசங்கம், அப்புறம் பிரியாணிப் பொட்டலம்.

சபையாருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வெளியே படுக்கிறவர்களுக்குத் தார்ப்பாய். எனக்கு அது பிடிக்கவில்லை. "போட்டா எல்லாருக்கும் போடுங்க, இல்லைன்னா எல்லாத்தையும் எடுங்க" என்றேன்.

"மூட்டு வலின்னு சொல்வீகளே பெரியம்மா" என்றார் சபைச் செயலாளர்.

"வலி என் மூட்டுக்குத்தான? உம்ம நாற்காலிக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்த் தார்ப்பாயில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது.

மாரித்தாய் சுத்தமாக இருந்தாள். துவைத்த சேலை, எண்ணெய் வைத்து முடிந்த கொண்டை. சமையலுக்கு வந்தவள் என்றே நினைத்தேன். போதகர், பாலன் இயேசு மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செந்தூர்பாண்டி என்கிற பெரியவர், மைக்குக்குப் போட்டியாகவே சொன்னார்: "தொழுவமாச்சும் கெடைச்சுதுல்ல. நம்மள அங்கனயும் படுக்க விடமாட்டான்."

"சும்மா கெடய்யா" என்றாள் மாரித்தாய். "சோறு வாங்குறதுக்கு முன்னால சண்டை இழுத்துறாத."

அப்போது சபைப் பையன் ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் படம் எடுத்து வந்தான். இவள் சட்டென்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்தாள்.

"என்ன தாயி, வெக்கமா?"

"இல்லக்கா. இந்தப் படமெல்லாம் போன்ல எங்கெங்கயோ போகுதாம்ல. எம் மக பாத்துட்டா?"

அவளுக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. சின்னதிலேயே தீப்பெட்டி வேலை. கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்த பிறகு ஒரு அச்சாபீஸில் இருபத்திரண்டு வருஷம் காலண்டர் உச்சியில் தகரப் பட்டி அடித்திருக்கிறாள். புருஷன் முத்துக்கருப்பன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். மஞ்சள் காமாலையில் போனான். ஒரே மகள் மாரிசெல்வி. "பத்தாப்பு வரைக்கும் படிக்க வச்சேன்க்கா, கைநாட்டு என்னோட போகட்டும்னு" என்றாள். காரியாபட்டியில் பஞ்சர் கடை வைத்திருக்கிற காளீஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்தாள்.

அப்புறம் இவளுக்குப் பெருவிரல் மரத்துப்போனது. தகரத்தை மடிக்கும்போது விரல் அறுபடுவது தெரியாமல் அட்டையெல்லாம் ரத்தம். கம்பெனியில் சீசன் முடிந்ததும் நின்றுகொள்ளச் சொன்னார்கள். வேலை போனதும் வாடகை வீடும் போனது. மகளிடம் போய் எட்டு மாதம் இருந்தாள். அங்கே ஒரே அறை. மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள், மருமகனின் அம்மா, இவள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரிகள் இருக்கும்போது சம்பந்தியம்மா கேட்டிருக்கிறாள்: "மதினி, எப்ப ஊருக்குப் போறீக?"

"ஏசவெல்லாம் இல்லக்கா. சாப்பிட்டீகளான்னு கேக்க மாதிரித்தான் கேட்டா. நானும் வெள்ளிக்கிழமை போறேன்னுட்டேன். எந்த ஊருன்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல."

மகளிடம் மட்டும் விருதுநகரில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க ரூமும் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். உண்மையில் காலையில் ஒரு டீக்கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பாள், அவர்கள் இட்லி கொடுப்பார்கள். ராத்திரி பூட்டிய ஜவுளிக்கடையின் படியில் படுப்பாள். துணி மூட்டை கட்டணக் கழிப்பறையில் காசு வாங்குகிற பாண்டிலட்சுமியிடம் இருக்கும். குளிப்பும் அங்கேதான். இரண்டு வருஷமாக இப்படி. அந்தப் பொய் மகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பிரசங்கம் முடிந்து பொட்டலம் கொடுத்தோம். கூடவே அந்த வருஷம் புதிதாக ஒன்று. சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிற சரவணக்குமார் முதலாளி நம் சாமியைக் கும்பிடாதவர் என்றாலும் தாராளமானவர். கேட்டதும் நூறு தினசரிக் காலண்டர் அடித்துக் கொடுத்திருந்தார். ஆளுக்கொன்று கொடுக்கச் சொல்லிக் கட்டாக என்னிடம் தந்தார்கள். கொடுத்துக்கொண்டே போனேன். செந்தூர்பாண்டி வாங்கிப் பார்த்துவிட்டு அண்ணாந்தார்.

"ஏம்மா, இதை எங்கன மாட்ட? வானத்துலயா?"

தார்ப்பாய் முழுக்கச் சிரிப்பு. போதகருக்கு முகம் செத்துப்போனது. எனக்கும்தான். வீடு இல்லாதவர்களுக்குச் சுவர் மட்டும் எங்கிருந்து வரும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. ஒருத்தர் விசிறிக்கொண்டார். ஒருத்தர் தலைக்கு வைத்துப் பார்த்துவிட்டு, தகரம் குத்துகிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

மாரித்தாய் மட்டும் வாங்கியதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இந்தத் தகரத்தை மடிச்சவ வேலைக்குப் புதுசு. வேற குடுங்கக்கா" என்றாள். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எங்க மாட்டப்போற?"

"எனக்கு இல்ல. வருசப் பொறப்புக்கு மக வீட்டுக்குப் போவேன். வெறுங்கையை வீசிக்கிட்டு எப்பிடிப் போக? காலண்டரு கொண்டுபோனா ஓட்டல்ல குடுத்தாகன்னு சொல்லிக்கிடுவேன்."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நானே ஒரு கேக்கையும் சேர்த்து மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தேன். "போயி நாலு நாள் இருந்துட்டு வா" என்றேன். காலண்டருக்கு அடியில் சிவப்பாக ஒரு வரி இருந்தது. எல்லாக் காலண்டரிலும் கடைப் பெயர் இருக்குமே, அதுதான் என்று நினைத்தேன். நானும் கைநாட்டுத்தான்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் அவள் பஸ் ஏறினாள். மறுநாள் என் மருமகள் ஐஸ்வர்யா, மிஞ்சிய காலண்டரில் ஒன்றை அடுப்படியில் மாட்டிவிட்டுச் சிரித்தாள்.

"அத்தே, இதை உள்ளயே வச்சுக்கிடுவோம். வாசல்ல மாட்டுனா நம்மளை வீடில்லாதவுகன்னு நினைச்சுருவாக."

"என்னடி சொல்ற?"

"கீழ போட்டிருக்குல்ல. வீடில்லாதோர் ஆராதனை, கிறிஸ்துமஸ் அன்பளிப்புன்னு."

மறுபடி வாசிக்கச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை. அவள் வாசிக்க வாசிக்க எனக்குக் காரியாபட்டியில் அந்த ஒற்றை அறைதான் தெரிந்தது. பத்தாவது படித்த மகள் பையைப் பிரிக்கிறாள். என்னை வையாதே என்று கர்த்தரிடம் கேட்டேன். அவர் வைதாரோ என்னவோ, நான் என்னையே வைதுகொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த டீக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். வாசல் பெருக்காமலே கிடந்தது. ஐந்தாம் தேதி போனபோது விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

"மக நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்காக்கா. கோழி அடிச்சுப் போட்டா. சம்பந்தியம்மாகூட ரெண்டு தடவை கொழம்பு ஊத்துனா."

"காலண்டரு?"

"அதை ஏன் கேக்கீக. மகதான் பையிலருந்து எடுத்தா. பாத்துக்கிட்டே நின்னா, ரொம்ப நேரம். பேத்தி பிரீத்தி எட்டிப் பாக்க வந்தா, அவளை ஒரு அதட்டு. கத்திரிக்கோலை எடுத்தா, கீழ சிவப்பா இருந்துச்சுல்ல, அதை மட்டும் வெட்டி அடுப்புல போட்டுட்டா. அப்புறம் மாட்டுனா."

"எதுவும் கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கல. உங்க சாமி பேரு போட்டிருக்கும், மாமியா பாத்தா ஏசுவான்னு வெட்டியிருப்பா." விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "ஏங்க்கா, சாமி பேருதான அது?"

எழுபத்திமூன்று வயதில், சபையில் நாற்பது வருஷம் பாடிய வாயால், "ஆமா, சாமி பேருதான்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள். "பஸ் ஏத்தி விடுறப்ப அழுதாக்கா. ரூமுக்குப் போயிட்டுப் போன் பண்ணும்மான்னா. நான் அழாம வந்துட்டேன்."

மகளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இருந்துகொள் என்று சொல்லவில்லை, ரூமுக்குப் போ என்றாள். எனக்கு வந்த கோபத்தில் மறுநாளே காரியாபட்டிக்குப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வண்டியை எடுக்கும்போது இறங்கிவிட்டேன். நான் கேட்டால் தாய்க்குத் தெரிந்துபோகும். அதுவுமல்லாமல், அந்த ஆறு பேர் அறையில் அவளால்தான் என்ன செய்ய முடியும்? ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளாமே, அந்த நேரமெல்லாம் அவள் அறையைத்தான் அளந்துகொண்டு நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

மாரித்தாயை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. நான் விடாக்கண்டி என்றால் அவள் கொடாக்கண்டி.

"வருவேன்க்கா. எட்டு மாசம் கழிச்சு உங்க மருமக, எப்ப ஊருக்குப் போறீகன்னு கேப்பா. அவ தங்கமான புள்ளதான். எங்க சம்பந்தியம்மாவும் தங்கமானவதான்."

இந்த வருஷம் சபைக் கமிட்டியில் காலண்டர் வேண்டாம் என்று சொல்லிப் போர்வையும் சோப்பும் வாங்க வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள். சுவர் இல்லை என்றுதானே செந்தூர்பாண்டி சொன்னார், அதுதான் காரணம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் டீக்கடையில் அவளோடு கொஞ்ச நேரம் உட்காருவேன். அந்த நேரத்துக்குத்தான் அவள் கடைக்காரர் போனை வாங்கி மகளிடம் பேசுவாள். அந்தப் பக்கம் என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்காது. இவள் பதில் மட்டும் கேட்கும். சாப்பிட்டேன் என்பாள். பனிதான், ஆனால் ரூமுக்குள்ள தெரியலை என்பாள்.

அப்புறம் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆமாத்தா, கதவைப் பூட்டிட்டுத்தான் படுக்கேன்" என்பாள்.