கால் தரையில் படாத படம்

சோமனூரில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. ஒரு அறை, ஒரு திரை, இரண்டு விளக்கு. கல்யாணம், சீர், காதுகுத்து என்று வெளிவேலைதான் அதிகம். உள்ளே எடுப்பது பாஸ்போர்ட் படமும் கவுன் போட்டோவும்.

கவுன் போட்டோ என்றால் பட்டம் வாங்கினவர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு எடுக்கும் படம். எங்கள் பக்கம் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. ஐ.டி.ஐ. முடித்தாலும் கவுன். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணினாலும் கவுன். யாரும் கேட்பதில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன், நானும் கேட்டதில்லை. கவுனை பக்கத்துக் கடை டெய்லரிடம் தைத்து வாங்கினேன். உள்ளூர்த் தறியில் ஓடிய காடாத் துணி, கறுப்புச் சாயம் ஏற்றியது. கழுத்தோரம் சிவப்பு சாட்டின். கையில் பிடிக்கிற சுருள் ஒரு நூல் கம்பெனியின் காலண்டர். ரிப்பன் கட்டினால் அது பட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். தறிக்குடோனில் தார் சுற்றுகிறவர், அதாவது தறி நாடாவுக்கான குச்சியில் நூல் சுற்றுகிறவர். அவர் வீட்டுக்காரர் இறந்தபோது, கூட்டத்தோடு எடுத்த ஒரு சின்னப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தவன் நான்.

மகள் கோயமுத்தூரில் பாலிடெக்னிக் முடித்திருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயது. அந்த வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள்.

அம்மா துணிப்பையிலிருந்து ஒரு பிரேமை எடுத்து மேஜையில் வைத்தார். கண்ணாடியும் போட்டாயிற்று. படம் மட்டும் இல்லை.

"அவரு படத்து அளவுக்கே செஞ்சுபோட்டனுங்க. அவரு பக்கத்துல மாட்டோணும்."

எனக்குப் புரிந்தது. தறிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற அவர்கள் லைன் வீடுகளில் உயிரோடு இருப்பவர்கள் படத்தைச் சுவரில் மாட்டமாட்டார்கள். அது டிரங்குப் பெட்டியில் இருக்கும். சுவர் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. இவர் உயிரோடு இருக்கிற மகளை மாட்டப் போகிறார். தெருவில் பேச்சு வரும் என்று தெரிந்தேதான் பிரேம் செய்திருக்கிறார்.

மகள் கவுனைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்ணா, என்ற ஸ்கேட் போர்டோட எடுக்கலாங்களா?"

"என்ன போர்டு?"

அம்மா முந்திக்கொண்டார். "அதொரு கட்டைங்க. கீழ நாலு உருளை. திருப்பூர்ல என்ற தம்பி பனியன் கம்பெனியில பேக்கிங்ல இருக்கறான். வெளிநாட்டுக்காரரு ஒருத்தரு வந்தப்ப, அவுரு பையன் உட்டுட்டுப் போயிட்டானாம். இவன் கொண்டாந்து இவகிட்டக் குடுத்துப்போட்டான். அதுலருந்து இவ காலு தரையில நிக்கறதில்ல. லாரித் தண்ணி புடிக்கக் கொடத்தத் தூக்குன்னா மட்டும் காலு வலிக்குதும்பா."

"அம்மா, சும்மா இரு."

"கட்டைய வேணாங்கலைங்க. வெச்சுக்கட்டும். ஆனா காலு தரையில இருக்கோணும். சுவத்துல மாட்டற படம். காலு பாவாம இருந்தா பேயிம்பாங்க. அவரு பக்கத்துல வேற."

நான் சரி என்றேன். போர்டை ஒரு பக்கம் சாய்த்து வைத்து, இவளை நிறுத்தி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குத் திட்டமே வேண்டாம்.

மகள் போகும்போது வாசலில் நின்றாள். "ஒரு வாட்டி வந்து பாருங்கண்ணா. பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஞாயித்துக்கெழம சைசிங் களத்துல இருப்பேன்."

பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற இடத்தை சைசிங் என்போம். நூல் சுற்றிய பீம்களை உருட்டுவதற்கு அங்கே பெரிய சிமெண்ட் களம் உண்டு. லாரியில் ஏற்ற ஒரு சரிவும் உண்டு. ஞாயிறு லீவு. ஊரில் ஒரு தறியும் ஓடாது. மற்ற நாளெல்லாம் தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும். ஞாயிறு மட்டும் காக்கை கத்துவது கேட்கும்.

போனேன். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இது பழக்கம் போல.

அவள் சரிவின் மேலே நின்றாள். சுடிதார், கான்வாஸ் ஷூ. போர்டின் மேல் ஒரு கால், தரையில் ஒரு கால். தரையில் இருந்த கால் ஒரு தள்ளு தள்ளியது. உருளைகள் கரகரவென்று இறங்கின. நான் ஓரமாக ஒதுங்கினேன். என்னைத் தாண்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அவள் மேலே போனாள்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆட்டுக்குட்டி துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். பையன்கள் கிணற்றில் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. பலகையும் அவள் காலோடு எழுந்தது. கட்டவில்லை, பிடிக்கவில்லை. கைகள் இரண்டும் விரிந்து கிடந்தன. காற்றில் ஒரு கணம் அவளுக்கு எந்த அவசரமும் இல்லாததுபோல் இருந்தது. பிறகு நான்கு உருளையும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. ஓடிக்கொண்டே போனாள்.

அவள் திரும்பி வந்ததும், "ஷூவக் காட்டு அம்மிணி" என்றேன்.

காட்டினாள். அடி தேய்ந்து, செருப்புத் தைக்கிறவர் டயர் ரப்பர் வைத்துத் தைத்திருந்தார். தடவிப் பார்த்தேன்.

"பசை கிசை தடவியிருக்கறயா?"

சிரித்துவிட்டாள். "பசை இருந்தா உழுகறப்ப எப்புடிங்ணா தப்பிக்கறது? பின்னால ஓங்கி மிதிச்சா முன்னால எந்திரிக்கும். முன்னங்காலுல இழுத்துக்கோணும். அவ்வளவுதானுங்."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்லைங். கேபிள் டிவியில ஒரு வாட்டி பாத்தேன். பொறவு உழுந்து உழுந்து வந்துருச்சு."

நானும் ஒரு கால் வைத்துப் பார்த்தேன். பலகை சுவர் வரைக்கும் தனியாகப் போயிற்று. காவலாளி சத்தமாகச் சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். அதுவரை நான் எடுத்த முகங்கள் எத்தனையோ. எல்லோரும் நின்றவர்கள், இல்லையென்றால் உட்கார்ந்தவர்கள். 'அசையாதீங்க' என்பதுதான் நாள் முழுக்க நான் சொல்கிற வார்த்தை. இவளை நிறுத்தி எடுத்தால் அது இவள் படமா?

அடுத்த நாள் அவளிடம் சொன்னேன். "ரெண்டும் எடுப்போம். நின்னதும் எடுப்போம், எகிறறதும் எடுப்போம். எதை மாட்டறதுன்னு உங்கம்மா சொல்லட்டும்."

"அம்மா ஒத்துக்காதுங்ணா."

"எடுக்கறதுக்கு ஒத்துக்குமில்ல?"

திட்டம் போட்டோம். வெயில் மேற்கே சாய்ந்த நேரம். அப்போது களத்தில் அவள் நிழல் நீளமாக விழும், முகத்தில் நேராக வெளிச்சம் விழும். காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும், கவுன் பின்னால் விரியும். அவள் எங்கே எழும்புகிறாளோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடவேண்டும். அந்தக் கோட்டுக்கு லென்ஸின் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துக்கொள்ளவேண்டும். காலண்டர் சுருள் கையில் இருக்கவேண்டும் என்று அவளே சொன்னாள். அது இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பட்டம் பாதியாகத் தெரியுமாம்.

அடுத்த ஞாயிறு மூவரும் போனோம். அம்மா நல்ல சேலை கட்டி வந்திருந்தார். மகள் அந்தப் பலகையில் ஏறி அவர் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் தார் சுற்றுவார்.

முதலில் நிறுத்தி எடுத்தேன். நின்றதும் அவள் முகம் ரேஷன் கார்டு முகமாகிவிட்டது. "சிரி அம்மிணி" என்றால் பல் மட்டும் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

பிறகு சரிவு. என் கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. குனிந்துகொண்டேன். அவள் இறங்கினாள். கோட்டை நெருங்குகிற நேரத்தில் பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அசையாதீங்க!"

அவளும் சொன்னதைக் கேட்டு நின்றுவிட்டாள். பலகை நிற்கவில்லை. கவுனோடு உருண்டாள்.

அம்மா ஓடி வந்தார். "ஏனுங்க, ஓடிட்டிருக்கற புள்ளைய அசையாதன்னா என்னங்க பண்ணும்? பஸ்ஸுல போறவங்களயும் இப்புடித்தான் சொல்லுவீங்களா?"

முழங்கை சிராய்த்திருந்தது. மகள் எழுந்து கவுனை உதறினாள். "ஒண்ணுமில்லம்மா. அண்ணா, இன்னொருக்கா."

இரண்டாவது தடவை வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேமராவின் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். நிற்கிறவர்களை எடுக்கும்போது அது தொந்தரவு இல்லை. ஓடுகிறவள் கண்ணாடியில் எதிர்ப்பக்கமிருந்து வந்தாள். நான் அந்தப் பக்கம் திருப்ப, அவள் இந்தப் பக்கம் போய்விட்டாள். அந்தப் படத்தில் களமும் வானமும்தான் இருக்கும் என்று அழுத்தும்போதே தெரிந்தது.

வெயில் சிவந்துகொண்டு வந்தது. இன்னும் சற்று நேரம் போனால் அவள் வேகத்தைப் பிடிக்க வெளிச்சம் போதாது.

கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டேன். கேமராவைக் கோட்டுக்கு நேராக ஸ்டாண்டில் இறுக்கிவிட்டு, விரலை மட்டும் பொத்தானில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஊரில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. உருளை இறங்குகிற கரகர மட்டும். அது கிட்டே வந்தது. 'டக்' கேட்டது. அழுத்தினேன்.

உருளைகள் தரையில் விழுகிற சத்தம் பிறகுதான் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் கவுன் படபடக்கத் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அம்மா சரிவின் அடியில் நின்றார். திட்டவில்லை. முந்தானை காற்றில் போனதைக்கூட இழுக்கவில்லை. மகள் வந்ததும் அவள் தோளைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் காலைப் பார்த்தார்.

"எத்தன நாளா கண்ணு இதச் செய்யற?"

"மூணு வருசமா."

"நான் தார் சுத்திட்டு இருக்கறப்பவா?"

"ஆமாம்மா."

வீட்டுக்குப் போகும்போது பலகையை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.

படத்தைக் கழுவியது நானே. இருட்டறைச் சிவப்பு விளக்கில், மருந்துத் தண்ணீருக்குள் வெள்ளைத் தாளில், முதலில் கவுன் கறுப்பாக வந்தது. இரண்டு பக்கமும் விரிந்து. பிறகு முகம் வந்தது. சிரிக்கவில்லை. ஏதோ ஒன்றைக் கவனமாகக் கேட்பதுபோல இருந்தாள். கையில் காலண்டர் சுருள். காலுக்குக் கீழே பலகை. பலகைக்குக் கீழே காற்று. அதற்குக் கீழே களத்தில் நீளமாக அவள் நிழல். அத்தனை வருசத்தில் என் கையால் அப்படி ஒன்று வந்ததில்லை. தாளை வெளியே எடுக்க மறந்து நின்றேன்.

ஆனால் கால் தரையில் இல்லை. அந்த அம்மா சொன்னதும் மறக்கவில்லை. நின்ற படத்தை மாட்டினால் மகள் முகம் போய்விடும். இதை மாட்டினால் தெரு பேசும். யோசித்து ஒன்று செய்தேன். பெரிதாக்கும்போது இடுப்புக்குக் கீழே விட்டுவிட்டேன். கவுன், முகம், சுருள். அரை போட்டோ. பறக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. மகளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவால்லீங்ணா. எனக்குத் தெரியுமில்ல" என்றாள். குரல் சின்னதாக இருந்தது.

சாயந்திரம் அம்மா வந்தார். அரை போட்டோவை பிரேமுக்குள் வைத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிரேமின் கீழ்ச் சட்டத்தை விரலால் தடவினார்.

"கீழ எங்கீங்க?"

"உட்டுட்டேனுங்கக்கா. காலு தரையில படலீங்க. நீங்க சொன்னீங்கல்ல?"

"சொன்னேன். அப்ப நான் பாக்கலீங்களே." பிரேமை மேஜையில் வைத்தார். "நான் பாத்ததுல பாதியக் காணோமுங்க."

முழுப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். நான் அதை ஒரு அட்டைக்குள் வைத்திருந்தேன். எனக்காக.

அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பலகைக்கும் நிழலுக்கும் நடுவே இருந்த வெற்று இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். தார் சுற்றிச் சுற்றி நூல் அறுத்த விரல்.

"இதப் போடுங்க."

"பேசுவாங்களே, அக்கா."

"பேசட்டும். சொல்லிக்கறேன்."

மாட்டுவதற்கு நானே போனேன். ஆணி, சுத்தியல் எல்லாம் நான்தான். வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில், ஒரே உயரத்தில். அதற்குள் வாசலில் ஒரு பக்கத்து வீட்டுக்காரி வந்து நின்றாள். இடுப்பில் குடம். எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கிட்டே வந்து மறுபடி பார்த்தாள்.

"ஏனக்கா, புள்ளைக்குக் காலு தரையில இல்லையே?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அம்மா சேலை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எறங்கிட்டா. நான் பாத்தேன்" என்றார்.